இலவசமாகக் கேட்கும் பகுதி

காலிப் பெட்டியைப் பார்த்து மிரளுகிற மனிதர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெட்டி என்றால் இணையத்தில் வரும் ஒரு சின்னக் கட்டம்தான். எவ்வளவு கொடுக்க விருப்பமோ அந்தத் தொகையை அதற்குள் தட்ட வேண்டும். ஒன்றும் கொடுக்க விருப்பமில்லை என்றால் பூஜ்யத்தைத் தட்டலாம். தட்டியதும் பாட்டு திறந்துகொள்ளும். இதைச் செய்து வைத்தவள் நான். இதில் மிரளுவதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவே இல்லை.

நான் தென்காசியில் வீட்டிலிருந்தபடி குற்றாலத்து விடுதிகளுக்கு வலைத்தளம் போட்டுக் கொடுக்கிறவள். அந்த வேலைக்கு நடுவே, எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூரிலிருந்து கூடிப் பேசுவதற்காக ஓர் இணையக் களத்தையும் நடத்திவந்தேன். பட்டாளத்தில் இருப்பவர்கள், போலீஸில் இருப்பவர்கள், வளைகுடாவில் கடை வைத்திருப்பவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். சீசன் வந்துவிட்டால் தினமும் ஒரே கேள்விதான்: அருவியில் தண்ணீர் விழுகிறதா? துபாயில் உட்கார்ந்துகொண்டு ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர் வருகிறது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான் பல தடவை திட்டியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாளும் அதையே கேட்பார்கள்.

அந்தக் களத்தில் நான் செய்த உருப்படியான காரியம், கோயில் கொடைகளுக்குப் போய் வில்லுப்பாட்டை ஒலிப்பதிவு செய்து போட்டதுதான். கொடை என்பது எங்கள் பக்கத்தில் மாடனுக்கும் அம்மனுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் விழா. வில்லுப்பாட்டில் சாமியின் கதையைப் பாடிக்கொண்டே வருவார்கள். ஓர் இடத்தில் குடமும் உடுக்கையும் வேகமெடுக்கும். பெயர் சொல்லிச் சாமியைக் கூப்பிடுவார்கள். சாமியாடி மேல் சாமி வந்து இறங்கும். அவர் ஆடுவார், திருநீறு கொடுப்பார், குறி சொல்லுவார். எல்லாம் ஆன பிறகு வாழி பாடி முடிப்பார்கள். வாழி பாடினால்தான் வந்த சாமி மலையேறும். மலையேறுவது என்றால் ஆளை விட்டுவிட்டுப் போவது. எங்களுக்கு மேற்கே கண்ணெதிரிலேயே மலை நிற்பதால், எங்கே போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

களத்தை வைத்திருக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. பாட்டுகளுக்கு விலை வைக்கலாமா என்று கேட்டேன். சாமி பாட்டுக்கு விலையா என்று ஒரே ரகளை. சரி, அவரவர் விருப்பம் போலக் கொடுங்கள் என்று அந்தப் பெட்டியை வைத்தேன். அதற்கும் ரகளை. "எவ்வளவுன்னு சொல்லிருங்கக்கா" என்று ஒருவர் போன் போட்டார். "நீங்க பாட்டுக்கு விருப்பம்னு போட்டுட்டீக. கொறச்சுப் போட்டா மரியாதையா இருக்காது. கூடப் போட்டா பவுசு காட்டுதான்னு சொல்லுவானுக." இன்னொருவர் நேரடியாகவே கேட்டார்: "எங்க ஊர்க்காரன் எவ்வளவு போட்டான்? அத மட்டும் சொல்லுங்க." கொடைக்கு வரி என்றால் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊர் சொல்லும், கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். உன் விருப்பம் என்று சொன்னதும் இவர்களுக்குக் கை ஓடவில்லை. பூஜ்யத்தைத் தட்டவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. சாமி பாட்டை ஓசியில் கேட்டான் என்ற பேச்சு வந்துவிடும் என்று, யாருமே பார்க்காத ஒரு கட்டத்துக்கு முன்னால் வெட்கப்பட்டார்கள்.

சரி, முதலில் கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டும், ருசி கண்டால் தானாகக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இலவசமாகக் கேட்கும் பகுதி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நாமே குறித்துக் கொடுத்தால், பாட்டு அங்கே நின்று பெட்டி வரும். அதை எந்தப் பாட்டில் முதலில் வைப்பது என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அந்த ஆனி மாதம் எடுத்துவந்த பதிவு கையில் இருந்தது.

கீழப்பாவூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் மாடனுக்குக் கொடை. களத்து உறுப்பினர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். மதியக் கொடை. மதிய நேரம்தான் என்றாலும் வெயில் இல்லை. மலை முழுவதும் மேகம் மூடிக்கிடந்தது. சாரல் வரவில்லை, அதன் குளிர்ந்த காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. பாடியவர் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். வில்லில் கோல் விழுந்தால் உட்கார்ந்திருக்கும் தரை அதிரும். சாமியைக் கூப்பிடும் இடம் வந்தது. குடம் வேகமெடுத்தது. கழுத்தில் மாலையும் கையில் தடியுமாக ஒரு பெரியவர் நின்றார். நின்றாரே தவிர, ஆடவில்லை.

பாடுகிறவர் விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அதட்டிக் கூப்பிட்டார், கெஞ்சிக் கூப்பிட்டார், எங்கே போய்த் தொலைந்தாய் என்று கோபித்துக்கொண்டும் கூப்பிட்டார். பெரியவருக்கு வேர்த்து ஊற்றியதே தவிர உடம்பு அசையவில்லை. பெண்கள் குலவையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வர வேண்டிய ஓர் ஆள் வரவில்லை என்பது அங்கே கூடியிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளியாளான எனக்கு மட்டும் அது தெரியவில்லை. யாரையும் யாரும் அவ்வளவு நேரம் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேட்கவே பயமாக இருந்தது. அதோடு, இப்படி ஒரு பதிவு இனிமேல் கிடைக்காது என்ற சந்தோஷமும் இருந்தது.

கடைசியில் பெரியவரிடம் லேசாக ஒரு நடுக்கம் தெரிந்தது. சாமி வந்த நடுக்கமா, நின்று நின்று கால் ஓய்ந்த தள்ளாட்டமா என்று யாரும் கேட்கவில்லை. அவசரமாகத் திருநீறு பூசினார்கள். பாட்டு மேலே போனது. அழைப்பு அவ்வளவு நீண்டுவிட்டதால், என் கருவியில் இருந்த கார்டு நிறைந்து, பாட்டு முடிவதற்குள் பதிவு நின்றுவிட்டது. வாழி பதிவாகவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழி எல்லாப் பாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதானே.

வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சினிமாவில் இடைவேளை எங்கே விடுவார்கள் என்று தெரியாதா? அழைப்பின் உச்சியில், குடமும் உடுக்கையும் ஒன்றாகி, பாடுகிறவர் மூச்சை இழுத்து 'வா' என்று சொல்ல வாய் திறக்கும் இடத்தில் வெட்டினேன். அடுத்த நொடி பெட்டி வரும். இதற்கு மேல் கேட்க உங்கள் விருப்பம் போல் செலுத்துங்கள் என்று எழுதியிருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கேட்டவர்கள் ஏராளம். பெட்டியைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். மற்ற எல்லோரும் அந்த மூச்சிழுப்போடு நிறுத்திவிட்டு, பூஜ்யம் போட வெட்கப்பட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பிறகு களத்தில் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். பஞ்சாபில் பட்டாளத்தில் இருந்த ஒருவர், மின்விசிறிச் சத்தத்துக்குள் தாளம் கேட்கிறது என்று எழுதினார். சென்னையில் இருந்த ஒரு பெண், பாட்டு நின்றதிலிருந்து வீட்டில் எல்லோரும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஏன் என்று தெரியவில்லை என்று எழுதினாள். முழுப் பாட்டையும் ஓசியில் வாங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் கிண்டலாகப் பதில் போட்டேன். அப்புறம் துபாயில் துணிக்கடை வைத்திருக்கும் கடையநல்லூர்க்காரர் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "நான் இந்தச் சாமி கும்பிடுத ஆளு இல்லக்கா. நம்ம ஊர்ச் சத்தமாச்சேன்னு கேட்டேன். பாட்டு நின்ன பெறகு கடை வாசல்ல யாரோ வந்து நிக்காப்ல இருக்கு. நிமிந்து பாத்தா யாரும் இல்ல. ஆனா வந்தவரு போகலை." அவர் யோக்கியமான மனிதர். தாராளமாகப் பணம் கட்டி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு வரி எழுதினார்: இன்னும் நிக்காரு.

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஒன்றும் செய்யவில்லை. சீசன் நேரம், விடுதிக்காரர்கள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் புது எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, அந்த மாடன் பாட்டைப் போட்டது நீங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "மிச்சத்தத் தாங்கக்கா. அந்தப் பெட்டியில தட்டவெல்லாம் எனக்குத் தெரியாது. எவ்வளவுனாலும் தாரேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்றி விஷயத்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவள் கணவர் போலீஸ்காரர். அந்தக் கிராமத்து மாடனுக்கு வழிவழியாகச் சாமியாடும் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு அவர்தான் ஆடுகிறார். இந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து; கொடைக்கு லீவு கொடுக்கவில்லை. அவருக்குப் பதிலாக வயதான சித்தப்பாவை மாலை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். கொடைக்குப் போக முடியாத ஆற்றாமையில், ஒரு மத்தியானம் பேரருவிக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்கள் ஒதுங்கும் கொட்டகையில் உட்கார்ந்து, காதில் செருகிக்கொண்டு என் பதிவைக் கேட்டிருக்கிறார். பாட்டு நின்றது, பெட்டி வந்தது. தொகையைத் தட்டியிருக்கிறார். சீசன் கூட்டத்தில் குற்றாலத்தில் நெட்வொர்க் எங்கே கிடைக்கும்? பணம் போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோதும், அவர் அந்த வட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"அன்னையிலருந்து இப்படித்தான் இருக்காக. சோறு திங்க மாட்டுக்காக. தூங்க மாட்டுக்காக. ஆஸ்பத்திரியில தூக்கமில்லாமத்தான்னு மாத்திரை குடுத்தாக. மாத்திரை போட்டும் முழிச்சுக்கிட்டு இருக்காக" என்றாள். "நான் ராயகிரிக்காரி. இவுக ஊர் வழக்கம் எனக்கு முழுசாத் தெரியாது. வேலையும் போயிரும் போல இருக்கு. ஆளும் போயிருவாகளோன்னு பயமா இருக்குக்கா."

அன்று மத்தியானமே போனேன். அவர்கள் வீடும் தென்காசியிலேயேதான், ரயில்வே கேட்டைத் தாண்டி. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் விளக்குப் போடவில்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கி பேண்ட், மேலே பனியன். உடம்பில் வேறு எதுவும் அசையவில்லை. வலது கால் மட்டும் தரையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தாளம் எனக்குத் தெரியும். வெட்டும் இடத்தைச் சரிபார்க்க அதை அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கதைக்குரிய நடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்து, குடமும் உடுக்கையும் ஒன்றாகும் இடத்துக்கு வந்து, நான் வெட்டிய அதே இடத்தில் கால் நின்றது. ஒரு மூச்சு நேரம் அவர் வாசலைப் பார்த்தார். பிறகு கால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"கூப்பிட்டா திரும்பிப் பாக்காக" என்றாள் அவள். "ஆனா நம்மளப் பாக்கலைக்கா. நமக்குப் பின்னால யாரு வாரான்னு பாக்காக."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நானா இப்படி என்று எனக்கே வெட்கமாக இருந்தது. என் போனில் முழுப் பதிவும் இருந்தது. அதைப் போட்டேன். கால் பாட்டோடு சேர்ந்துகொண்டது. வெட்டிய இடம் வந்தது. கால் நிற்கவில்லை, அதைத் தாண்டிப் போனது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தில் ரத்தம் ஊறுவதுபோல் ஏதோ தெரிந்தது. உதடு அசைந்தது. அப்போதுதான் பதிவு, கார்டு நிறைந்த இடத்துக்கு வந்து, பாதி வரியில் அறுந்தது. அவர் பாதம் தரைக்கு மேலே தூக்கியது தூக்கியபடியே நின்றது. அவரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து அது தரையைத் தொட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இதுலயும் முடியலையே அக்கா" என்றாள். 

பாட்டுக்கார அம்மாவை மறுநாள் போய்ப் பிடித்தேன். திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு கொடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டி, இலவசப் பகுதி என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சாமியை வான்னு சொல்லுத எடத்துலயா அறுத்தே?" என்றார். வேண்டுமென்றா, தெரியாமலா என்று கேட்டார். வேண்டுமென்றுதான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெட்டிக்காரிதான்" என்றார். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. அந்தக் கொடையை முடித்துவிட்டு, குடம் அடிக்கும் தன் கணவரையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தார்.

நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நான் அன்னைக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்டது இந்த ஆளு மேல வரச் சொல்லித்தான். கோயில்ல இவன் இல்ல. இவன் இருந்த எடத்துக்கு அது போயிருக்கு" என்றார். பிறகு அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இங்க பாரு, தாயி. வந்த எடத்துக்கே கூட்டிட்டுப் போயி, விட்ட எடத்துலருந்து எடுத்து, வாழி பாடி அனுப்பிரலாம். மலையேறிரும். ஆனா கோயிலுக்கு வெளிய வந்த சாமி இது. திருநீறு இல்ல, தீர்த்தம் இல்ல, யாரு வந்திருக்கதுன்னு கேக்க ஆளு இல்ல. இப்படி வந்து காத்துக் கெடந்தத அனுப்புனா, திரும்ப இவன்கிட்ட வருமான்னு எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். இவன் அப்பன், பாட்டன் எல்லாம் ஆடுனவக. நல்லா யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கவே இல்லை. "போகட்டும். எனக்கு இவுக போதும்" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டாலும் அவர் எங்கே பதில் சொல்லியிருக்கப் போகிறார்?

அடுத்த நாள் அருவிகளில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சீசனில் அப்படி ஒரு குற்றாலத்தை நான் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பழக்கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன, வாங்க ஆள் இல்லை. கயிறு கட்டி மறித்த இடத்துக்கு அப்பால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. மலை இருக்கும் இடமே தெரியவில்லை. கொட்டகையில் இருந்த போலீஸ்காரர்கள் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எல்லோருமே ஏதோ ஒரு கொடைக்கு வரி கொடுக்கிறவர்கள்தான்.

அவரை அதே பெஞ்சில் உட்காரவைத்தோம். பாட்டுக்கார அம்மா ஈரத் தரையில் சாக்கை விரித்து வில்லை வைத்தார். நான் வெட்டிய அந்த இடத்தில் தொடங்கினார். அருவி இரைச்சலில் அவர் குரல் கேட்கவே இல்லை. வாய் அசைவதும் கோல் விழுவதும் தெரிந்தன. ஆனால் பெஞ்சில் இருந்தவருக்குக் கேட்டது. எழுந்து நின்றார். நான் பயந்ததுபோல் ஆவேசமாக ஆடவில்லை. களைத்து வந்த ஆள் போல இரண்டு தோளையும் தொங்கவிட்டு, மெல்ல அசைந்துகொண்டு நின்றார்.

அம்மா கோலை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராக நிமிர்ந்து கேட்டார்: "யாரு வந்திருக்கது?"

கேட்க வேண்டிய முறை அது. சாமி தன் பெயரைச் சொல்லும். அவர் அருவிப் பக்கம் திரும்பி, மூடிக்கிடந்த மலையைப் பார்த்தார். "என்னைக் கூப்பிட்டவுக எல்லாரும் எங்க போனாக?" என்றார். அது அவருடைய குரல்தான், மிரட்டும் குரல் இல்லை. திருவிழாவில் கைவிட்டுப் போன பிள்ளை கேட்பதுபோல் இருந்தது. அந்த இரைச்சலில் அது மட்டும் எப்படித் தெளிவாகக் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. போலீஸ்காரர்களுக்கும் விழுந்திருக்கிறது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 

"நாங்க இருக்கோம்யா. இந்தா பாடுதேன்" என்று அம்மா உட்கார்ந்து வாழியைத் தொடங்கினார். ஊர் வாழ்க, மழை வாழ்க, கேட்டவர்கள் வாழ்க என்று அது போய்க்கொண்டே இருந்தது. முடித்ததும் அருவித் தண்ணீரை ஒரு செம்பில் பிடித்து அவர் முகத்தில் அடித்தார்கள். அவர் பெஞ்சில் சரிந்தார். பிறகு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். இந்த முறை அவளைத்தான் பார்த்தார். "நீ எதுக்குட்டி இங்கன வந்தே? வீட்டப் பூட்டுனியா?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆள் திரும்பி வந்துவிட்டார்.

அம்மா பாடிய வாழியை நான் பதிவுசெய்து வைத்திருந்தேன். இரைச்சலுக்குள் தேடித்தான் குரலைப் பிடிக்க வேண்டும், ஆனாலும் இருக்கிறது. அதைப் பாட்டின் கடைசியில் ஒட்டி முழுப் பாட்டையும் திறந்துவிட்டேன். இலவசப் பகுதி என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டேன். பெட்டி இப்போது பாட்டு முடிந்த பிறகுதான் வருகிறது. கேட்டு முடித்தவர்கள் கொடுக்கிறார்கள், பலர் முன்பைவிடத் தாராளமாகவே. பூஜ்யம் போடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். துபாய்க்காரர் எழுதினார்: போயிட்டாரு.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த ஆனியில் அதே கிராமத்துக் கொடைக்கு அந்தப் பெண் என்னை அழைத்தாள். அவருக்கு லீவு கிடைத்துவிட்டது. விரதம் இருந்து, தாடி வளர்த்து, குற்றாலத்துக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வந்திருந்தார். நான் கருவி எதுவும் கொண்டுபோகவில்லை. மாலையும் தடியுமாக அவர் வந்து நின்றபோது, அவர்தான் அங்கே நிற்க வேண்டியவர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பெரியவர்கள்கூட எட்டி நின்று கும்பிட்டார்கள். பாட்டுக்கார அம்மா கூப்பிட ஆரம்பித்தார். குடம் வேகமெடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வரவில்லை.

போன வருஷம் கூப்பிட்டதைவிட நீளமாகக் கூப்பிட்டார் அந்த அம்மா. அவர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். நன்றாக விழித்திருந்தார்; எங்கள் எல்லோரையும்போல விழித்திருந்தார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கழுத்தில் அவ்வளவு பெரிய மாலையோடு, அத்தனை பேர் முன்னால், வெறும் ஆளாக நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு கூலிக்காரர் திடீரென்று ஆட ஆரம்பித்தார். ஊர் அந்தப் பக்கம் ஓடியது. இவர் மாலையைத் தானே கழற்றி, கோயில் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கிளம்பும் முன் சொல்லிக்கொள்ள, அந்த ஊரிலேயே இருந்த அவர்கள் குடும்ப வீட்டுக்குப் போனேன். பகல் இன்னும் இருந்தது. அவர் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கக்கா" என்று நாற்காலி போட்டார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அக்கா, மொதல்ல ஒரு பாதி போட்டிருந்தீகளே. வான்னு சொல்லுததுக்கு முன்னால நிக்குமே. அத எனக்கு அனுப்புங்க."

"முழுப் பாட்டும் களத்துல இருக்கே, தம்பி."

"முழுசு வேண்டாம். முழுசு கேட்டா அது போயிருது." அவர் கண் கலங்கியிருந்தது. "பாதியில நின்னப்ப எங்கிட்டத்தான இருந்துச்சு. ராவும் பகலும் இருந்துச்சு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லக்கா. நீங்களாத்தான் அனுப்பிட்டீக. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? என்ன வேணும்னு சொல்லுங்க, தாரேன். உங்க விருப்பம்தான்."

அவருக்குப் பின்னால், அடுக்களை வாசலில், அவள் காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. 

"அத அழிச்சிட்டேன், தம்பி" என்றேன்.

பொய்தான். அதை அழிக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. என் போனிலேயே இருக்கிறது. போனை அணைத்து, மடியில் இருந்த கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். "இல்லக்கா. இதுக்குள்ளதான் இருக்கு. எனக்குக் கேக்குது" என்றார். அப்படியே குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன், அடுக்களை வாசலிலிருந்து அவளும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது அசையவில்லை.